மாட்டை எங்கே கொண்டுபோவது?

புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தின் வயற்புறங்களில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒருபுறம் உழவு இயந்திரங்கள் வட்டைக்குள் இறங்குகின்றன. மறுபுறம், அறுவடைக்குப் பின் அதே வட்டைகளில் தாளடி மேய்ந்து திரிந்த மாடுகள் வெளியேற்றப்படுகின்றன. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பை முடிக்க வேண்டிய திகதி, வாய்க்கால் துப்புரவு செய்ய வேண்டிய திகதி என்பவற்றோடு மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய இறுதித் திகதியும் தீர்மானிக்கப்படுகின்றது. அத்திகதிக்குப் பின் வயலில் காணப்படும் மாடு பிடிக்கப்படும், உரிமையாளர் தண்டம் செலுத்த வேண்டும் என்பது தீர்மானம்.

இத்தகைய ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் நாமும் அமர்ந்திருந்தோம். திகதி வாசிக்கப்பட்டதும் வயது முதிர்ந்த பட்டிக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். "மாட்ட எடுக்கச் சொல்றீங்க, சரி ஐயா. எங்க கொண்டு போற எண்டும் சொல்லுங்களன்" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைமை தாங்கியவர், அது வேறு திணைக்களத்தோடு பேச வேண்டிய விடயம் என்று கூறி அடுத்த விடயத்திற்குச் சென்றார். அந்த மனிதர் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவரது கேள்விக்குப் பதில் இல்லாதவரை கமக்காரருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் இடையிலான சண்டை தீரப்போவதில்லை என்பதே எமது கருத்தாகும். இச்சண்டையை மாட்டின் குற்றமாகவோ பட்டிக்காரனின் கவலையீனமாகவோ மட்டும் பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

ஒரே வீட்டில் இருந்த இரு தொழில்கள்

முன்னைய காலத்தில் இம்மாவட்டத்தில் வயலும் பட்டியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வயல் வைத்திருந்த போடியாருக்கே பெரும்பாலும் மாட்டுப் பட்டியும் இருந்தது. எருமைகளை வயலில் இறக்கிச் சேறாக்கினார்கள். அறுவடை முடிந்ததும் சூடு மிதித்தது மாடுதான். தாளடியில் மேய்ந்த மாடு வயலுக்கு எருவைக் கொடுத்தது. மாரியில் வயல் விளையும்போது மாடுகள் மேற்கே காட்டோரத்து மேட்டுத் தரைகளுக்குப் போயின. அறுவடையின் பின் திரும்பி வந்தன. மாடு வந்தால் வயலுக்கு நன்மை, வயல் இருந்தால் மாட்டுக்குத் தீனி என்ற நிலை இருந்தது.

அக்காலத்தில் சண்டை இருக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மாடு வேலி உடைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. 1876ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் வட்டைவிதானை வந்து அழிவைப் பார்த்து இவ்வளவு நெல் என்று சொன்னால், அறுவடையின் போது அது அளக்கப்படும். இன்று அழிவு கொடுத்த மாட்டின் சொந்தக்காரனே நாளை சூடடிக்க மாடு கொண்டுவர வேண்டியவன். ஆகவே ஒருவரை ஒருவர் முழுமையாகப் பகைத்துக்கொள்ள இரு பக்கத்தாருக்கும் வசதி இருக்கவில்லை.

பகை வளர்ந்த விதம்

அந்தக் கட்டு எப்படி அறுந்தது? முதலாவது, உழவு இயந்திரம் வந்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. இரசாயனப் பசளை வந்தது. கமக்காரருக்கு மாடு தேவையற்ற ஒன்றாயிற்று. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்ட போதுதான் பட்டி எருவின் பெறுமதி பலருக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. அப்போது எரு தேடிப் பட்டிகளுக்குச் சென்றவர்களில் எத்தனை பேர் இன்று அந்தப் பட்டிக்காரரோடு முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்?

இரண்டாவது, தரிசாகக் கிடந்த காலம் குறைந்தது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி போன்ற குளங்களின் கீழ் சிறுபோகமும் செய்யப்படுகின்றது. இது நல்ல விடயமே. ஆயினும் ஒரு போகம் செய்த வயலில் மாட்டுக்கு ஏறத்தாழ அரையாண்டுக்கு மேல் இடம் இருந்தது. இரு போகம் செய்யும் வயலில் இரு அறுவடைகளின் பின்னும் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கின்றன. நீர்ப்பாசனத் திட்டங்களை வரைந்தவர்கள் இத்தனை ஏக்கருக்கு இத்தனை நீர் என்று கணக்குப் பார்த்தார்கள். இத்தனை மாட்டுக்கு இத்தனை புல் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மூன்றாவது, மேட்டுத் தரைகள் சுருங்கின. 1950களின் கல்லோயாத் திட்டம், 1977இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம், 1983இல் பிரகடனப்படுத்தப்பட்ட மாதுறுஓயா தேசியப் பூங்கா, வனப் பாதுகாப்பு எல்லைகள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்திற்காகக் காணியை எடுத்தது. ஒவ்வொரு காரணமும் தனியே பார்த்தால் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் வரைபடத்தில் வயல் என்று நிறம் தீட்டப்படாத, காடு என்றும் நிறம் தீட்டப்படாத இடமெல்லாம் "வெற்றுக்காணி" என்றே எண்ணப்பட்டது. புல் முளைக்கும் நிலம் வெற்று நிலமல்ல. அதை நம்பிப் பல குடும்பங்கள் பால் கறக்கின்றன. இதை உத்தியோகத்தருக்கு எடுத்துச் சொல்ல எழுத்தில் எந்த ஆவணமும் பட்டிக்காரரிடம் இல்லை. வயற்காரருக்கு உறுதி உண்டு, அனுமதிப் பத்திரம் உண்டு. மேய்ச்சல் தரைக்குப் பரம்பரை வழக்கம் மாத்திரமே உண்டு.

நான்காவது, யுத்தம். முப்பது ஆண்டு காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். மாடுகள் சிதறின, களவு போயின, குறி மாற்றிச் சுடப்பட்டன. எந்தப் பாதையால் மாடுகள் மேற்கே போயின, எந்த மடுவில் தண்ணீர் குடித்தன என்று அறிந்திருந்த முதியவர்கள் பலர் இன்று இல்லை. மீளக் குடியேறியவர்கள் வேலி போட்டபோது பழைய மாட்டுப் பாதைகள் வேலிக்குள் போய்விட்டன. 2009இன் பின் காட்டோரங்களில் வேறு மாவட்டங்களைச் சேர்ந்தோரும் பயிர் செய்ய முற்பட்டனர்.

குறைகள் இரு பக்கமும் உண்டு

பட்டிக்காரருக்காக மட்டும் பரிந்து பேசுவது எமது நோக்கமன்று. இரவில் மாட்டை வேண்டுமென்றே வேளாண்மைக்குள் விட்டு விடிய முன் ஓட்டிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். குறி சுடாமல் மாடு வளர்த்து, அழிவு வந்தால் "அது என்ர மாடில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். பட்டணத்தில் கடை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரு சிறுவனின் பொறுப்பில் காட்டில் விட்டிருக்கும் முதலாளிமாரும் உண்டு. வழக்கு வந்தால் பொலிஸில் நிற்பது அந்தச் சிறுவன்தான். கடன்பட்டு விதைத்த ஒருவரின் இரண்டு ஏக்கர், குடலைப் பருவத்தில் ஒரே இரவில் மேயப்பட்டால் அவர் குடும்பம் அடுத்த போகம் வரை எழும்ப முடியாது. அவரது கோபத்தை யாரும் குறைவாக மதிக்கக் கூடாது.

அதேபோல், குளத்தின் ஒதுக்கு நிலத்தையும் வாய்க்காற் கரையையும் வெட்டி வயலோடு சேர்த்துவிட்டு, அங்கே நீர் குடிக்க வந்த மாட்டை அழிவு மாடு என்று பிடிப்பவர்களும் உண்டு. மாட்டுப் பாதையை உழுதுவிட்டு, பாதையில் மாடு வந்தது என்று முறையிடுவோர் உண்டு. கத்தியால் வெட்டப்பட்ட, கம்பிச் சுருக்கில் கால் இழந்த, வாய்வெடியில் தாடை சிதறிய மாடுகளை நாம் பார்த்திருக்கிறோம். வாய் பேசாத சீவனைச் சித்திரவதை செய்து மனிதனுக்குப் பாடம் புகட்டலாம் என்று நினைப்பவன், தன்னையே இழிவுபடுத்திக் கொள்கிறான்.

மயிலத்தமடு சொல்லும் பாடம்

பயிருக்கும் மாட்டுக்குமான தகராறு, இரு வேறு இனத்தவருக்கு இடையில் வரும்போது எவ்வளவு விரைவில் இனத் தகராறாக மாறுகின்றது என்பதை உலகம் அறியும். நைஜீரியாவின் நடுப் பகுதியில் பயிர்ச்செய்கையாளருக்கும் ஃபுலானி இடையருக்கும் இடையே தொடங்கிய மேய்ச்சற் பிணக்குகள் மத, இன மோதல்களாகிப் பெருந்தொகையான உயிர்களைப் பலி கொண்டுள்ளன. அங்கே பெனுவே மாநிலம் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலைச் சட்டத்தால் தடை செய்தது. தடையினால் மாத்திரம் அமைதி வந்துவிடவில்லை. மேய்ச்சலைத் தடுத்தவர்கள் மேய்க்கிறவனுக்கு வேறு வழி காட்டாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

எமது மாவட்டத்தில் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளின் நிலையை நாம் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மகாவலி அதிகார சபையின் பரப்புக்குள் வரும் இந்நிலங்கள், மாரி காலத்தில் மட்டக்களப்பு மாடுகள் சென்று தங்கும் பெருந்தரைகளாகும். அயல் மாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கே காடு வெட்டிப் பயிர் செய்யத் தொடங்கியதனால் மாடுகள் தரையை இழந்தன. பல மாடுகள் காயப்பட்டும் கொல்லப்பட்டும் போயின. 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அமர்ந்து அறவழிப் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். ஓராண்டு கடந்தும் அவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள்.

இங்கே எமது நிலைப்பாட்டை ஒளிக்க விரும்பவில்லை. அந்நிலம் மேய்ச்சல் தரையாக அளக்கப்பட்டு, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, அத்துமீறிய பயிர்ச்செய்கை சட்டப்படி அகற்றப்பட வேண்டும். அதே வேளையில், அங்கே சோளம் விதைக்க வந்த மனிதனும் பெரும்பாலும் காணியற்ற ஓர் ஏழை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவனுக்குக் காணி கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. அந்தக் கடமையை இன்னோர் ஏழையின் மேய்ச்சல் தரையைக் கொடுத்து நிறைவேற்றுவது நீதியன்று. மொழியைச் சொல்லி அவனைத் தூற்றுவோர், இந்தப் பிணக்கு இனப் பிணக்காகவே நீடிக்க வேண்டும் என்று விரும்புவோருக்கே உதவி செய்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மயிலத்தமடுவில் தரை இல்லாது போனால் அந்த மாடுகள் ஆவியாகிவிடுவதில்லை. அவை கிழக்கே, எமது கமக்காரரின் வேளாண்மைக்குள்தான் வருகின்றன. எனவே மேற்கே நடக்கும் தரை இழப்பு பண்ணையாளரின் பிரச்சினை மாத்திரம் என்று இருக்கும் கமக்காரர் அமைப்புகள், தமது வேலியின் மறுபக்கத்தைப் பார்க்கத் தவறுகின்றன. சித்தாண்டியில் பண்ணையாளரோடு கமக்காரரும் ஒன்றாக அமர்ந்திருக்க வேண்டும்.

எமது பங்கும் உண்டு

திருச்சபைகளும் அரசசார்பற்ற நிறுவனங்களும் இவ்விடயத்தில் குற்றமற்றவர்களல்லர். யுத்தத்தின் பின் வாழ்வாதார உதவி என்று நாம் கறவைப் பசுக்களைப் பங்கிட்டோம். அதே கிராமத்தில் இன்னொரு திட்டத்தின் கீழ்ச் சிறு குளத்தைத் திருத்தி வயற்பரப்பைக் கூட்டினோம். இரண்டு அறிக்கைகளிலும் பயனாளிகளின் தொகையைப் பெருமையோடு எழுதினோம். பசு எங்கே மேயும் என்ற கேள்வி இரண்டு அறிக்கைகளிலும் இருக்கவில்லை. விதவைத் தாய் ஒருவர் எமது பசுவைத் தண்டப்பணம் கட்டி மீட்க முடியாமல் விற்றுவிட்டதாகச் சொன்ன போதுதான் எமக்கு இது உறைத்தது. இனிமேல் ஒரு பசுவைக் கொடுப்பதற்கு முன் அதற்கான புல்லை எங்கள் கண்களால் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை

1. ஆரம்பக் கூட்டத்தில் கால்நடை வளர்ப்போர் சங்கங்களுக்கு முறையான இடம் வேண்டும். கால்நடை வைத்திய அலுவலரும், வன, மகாவலி அதிகாரிகளும் அங்கே இருக்க வேண்டும். மாடு வெளியேறும் திகதியைத் தீர்மானிக்கும் அதே கூட்டம், மாடு போகும் இடத்தையும் பாதையையும், அறுவடையின் பின் திரும்பி வரும் திகதியையும் தீர்மானிக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத தீர்மானம் அரைத் தீர்மானமே.

2. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் இருக்கும் மேய்ச்சல் தரைகளையும் மாட்டுப் பாதைகளையும் நீர் குடிக்கும் இடங்களையும் ஊர் முதியோரோடு நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். எல்லைக் கல் நாட்ட வேண்டும். கால்நடை வளர்ப்பு 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய விடயம். மேய்ச்சல் தரையோ மத்திய அரசின் மகாவலி அதிகார சபையிடமும் வனத் திணைக்களத்திடமும் உள்ளது. மாடு ஒருவரிடம், புல் இன்னொருவரிடம் என்ற இந்நிலையை மாற்றும்படி எமது பிரதிநிதிகளை நாம் வற்புறுத்த வேண்டும்.

3. அழிவை மதிப்பிட ஒவ்வொரு வட்டைக்கும் மூவர் குழு ஒன்று அமையலாம்: ஒரு கமக்காரர், ஒரு பட்டிக்காரர், இரு பக்கத்தாரும் ஏற்கும் பொதுவான ஒருவர். முறைப்பாடு கிடைத்த மறுநாளே அவர்கள் வயலுக்குச் செல்ல வேண்டும். இளம் பயிர் மேயப்பட்டால் நீரும் பசளையும் இட மீண்டும் தளிர்க்கக் கூடும். குடலையில் மேயப்பட்ட பயிர் திரும்பாது. இவ்வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தே நட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். நட்டத்தை நெல்லாகக் கணித்து, அறுவடையின்போது செலுத்த விடலாம். பொலிஸும் நீதிமன்றமும் கடைசிப் படியாக இருக்கட்டும்.

4. எல்லா மாடுகளும் சட்டப்படி அடையாளமிடப்பட வேண்டும். மாட்டின் சொந்தக்காரர் யாரோ அவரே நட்டத்துக்குப் பொறுப்பு. மேய்க்கும் கூலிக்காரர் அல்லர். காயப்படுத்தப்பட்ட மாட்டுக்கும் அதே குழு நட்டஈடு விதிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்டம் என்றால் அக்குழுவை யாரும் மதிக்கமாட்டார்கள்.

5. வைக்கோலை எரிப்பதை நிறுத்துவோம். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலைச் சேர்த்துப் பட்டிக்காரருக்குக் கொடுத்து எருவைப் பெற்றுக்கொள்ளும் பண்டமாற்று, அறுந்த உறவை மீண்டும் முடியும் ஒரு சிறு முடிச்சாகும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற அளவில் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடிப் பதப்படுத்தினால் அதன் தீனிப் பெறுமதி கூடும். அளவு தவறினால் யூரியா மாட்டுக்கு நஞ்சாகும். எனவே கால்நடை வைத்திய அலுவலரின் வழிகாட்டலுடன் மட்டுமே இதைச் செய்யவும். ஓரிரு பசு வைத்திருப்போர் வீட்டு வளவில் தீவனப் புல் நடலாம். ஆனால் நூறு மாட்டுப் பட்டியைத் தொழுவத்தில் கட்டிப் புல் அறுத்துப் போடுங்கள் என்று ஆலோசனை கூறுவோர், ஒருநாள் அந்தப் புல்லை அறுத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். நாட்டு மாடு நாளொன்றுக்குக் கொடுக்கும் ஓரிரு லீற்றர் பால் அந்தச் செலவைத் தாங்காது. அதற்குத் தரைதான் வேண்டும்.

வேதம் காட்டும் வழி

வேதாகமத்தில் இந்தப் பிணக்கு புதிதல்ல. வயலில் கால்நடையை விட்டு மேயவிட்டவன், தன் சொந்த வயலின் சிறந்த பலனிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று யாத்திராகமத்தின் சட்டம் கூறுகின்றது. தண்டம் அரசனின் பெட்டிக்குப் போகவில்லை. நட்டப்பட்டவனிடமே போயிற்று என்பதைக் கவனியுங்கள். இன்று நாம் அறவிடும் தண்டத்தில் எவ்வளவு வயற்காரரைச் சென்றடைகின்றது?

ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் சண்டை வந்தபோது, மூத்தவராகிய ஆபிரகாம் தெரிவு செய்யும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுத்தார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். இப்பகுதியை விட்டுக்கொடுத்தலுக்கு உதாரணமாகப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். நல்லதே. ஆனால் ஆபிரகாமுக்கும் லோத்துக்கும் பிரிந்து போக இடம் இருந்தது. எமது பட்டிக்காரருக்கு வலப்புறம் போனால் வனம், இடப்புறம் போனால் வயல், மேற்கே போனால் அத்துமீறல், தெருவில் நின்றால் பிரதேச சபையின் தண்டம். இடமே இல்லாதவனிடம் விட்டுக்கொடுக்கும்படி போதிப்பது எளிது. அவனுக்காக இடம் கேட்டுப் பேசுவது கடினம். கடினமானதையே திருச்சபை செய்ய வேண்டும்.

வருகின்ற பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு உங்கள் ஊரிலும் அறிவித்தல் வரும். குருவானவர்களும் ஊழியர்களும் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும் அங்கே போக வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி வாசிக்கப்படும். அப்போது பின்வரிசையில் ஒரு முதியவர் எழும்பும் வரை காத்திராது, நாமே எழுந்து அவரது கேள்வியைக் கேட்போம். பதில் கிடைக்காமல் அடுத்த விடயத்துக்குப் போக விடாதிருப்போம்.